கழுத்தை அமுக்கியவர்கள்

அந்த வருஷம் என் கழுத்தை யார் யாரெல்லாம் அமுக்கிப் பார்த்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். டாக்டர்கள் அமுக்கினார்கள், சரி, அது அவர்கள் தொழில். பக்கத்து வீட்டுக்காரி எதற்கு அமுக்க வேண்டும்? பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் சாக்பீஸ் ஒட்டிய கையோடு வந்து அமுக்கினாள். என் நாத்தனார் பாரிசிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே என் மோவாயைத் தூக்கி, "எங்க காட்டு" என்று இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். அவள் விரலில் ஏதோ பிரெஞ்சு க்ரீம் வாசனை. அந்த வாசனை ராத்திரி வரைக்கும் என் கழுத்தைவிட்டுப் போகவில்லை. கொய்யாப்பழம் வாங்குகிறவர்கள்கூடக் கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அமுக்குவார்கள்.

இரண்டாயிரத்தெட்டு, ஒன்பது வாக்கில் நடந்தது இது. நான் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், கதிர்காமத்தில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். வகுப்பு நிறையப் பிள்ளைகள். பிரம்பு எடுத்துப் பழக்கமில்லை, குரல் ஒன்றுதான் என் ஆயுதம். நான் வாயைத் திறந்தால் அடுத்த வகுப்பும் சேர்ந்து அடங்கும் என்று ஹெட்மாஸ்டரே சொல்வார். அப்படி ஒருநாள் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து, "டீச்சர், உங்க தொண்டையில ஏதோ ஏறி ஏறி இறங்குது" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். எச்சில் விழுங்கும்போதெல்லாம் ஒரு சின்ன உருண்டை கூடவே மேலே போய்க் கீழே வந்தது.

தைராய்டில் கட்டி என்றார் சர்ஜன். நல்லதா கெட்டதா என்று பார்க்க ஊசியால் குத்தி உறிஞ்சி எடுத்தார்கள். 'தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை' என்று ரிசல்ட் வந்தது. திரும்பக் குத்தினார்கள். திரும்பவும் அதே பதில். சொல்ல முடியாததைச் சொல்வதற்கு எதற்கு இரண்டு தடவை குத்த வேண்டும் என்று கேட்டேன். சர்ஜன் சிரித்தார். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"பாதி தைராய்டை எடுத்துட்டுப் பார்த்துடலாம்" என்றார் சர்ஜன். "குரல் நரம்பு அதை ஒட்டியே போகுது. ஜாக்கிரதையாத்தான் பண்ணுவோம். ஆனாலும் சில பேருக்குக் குரல் கம்மிப் போயிடும்."

"பரவாயில்ல டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர்.

யாருடைய குரல், யாருக்குப் பரவாயில்லை? நான் கேட்கவில்லை. குரல் போனால் வேலை போகும். வேலை போனால் நான் வீட்டில் உட்கார்ந்து, எனக்கும் சேர்த்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சாவைவிட அதற்குத்தான் நான் பயந்தேன்.

என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, சர்ஜன் இன்னொரு வழி சொன்னார். எலாஸ்டோகிராபி என்று புதிதாக ஒரு ஸ்கேன் வந்திருக்கிறது. ஸ்கேன் கருவியால் கட்டியை லேசாக அமுக்குவார்கள். எந்த இடம் நசுங்குகிறது, எந்த இடம் விறைத்துக்கொண்டு நிற்கிறது என்பதை மெஷின் கலர் கலராகக் காட்டும். "கல்லு மாதிரி இருந்தா சந்தேகம், எடுத்துடலாம். மெத்துன்னு இருந்தா அவசரம் இல்ல. இன்னொரு தடவை ஊசி போட்டுப் பார்த்துட்டு சும்மா விட்டுடலாம்." டவுனில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு இந்த மெஷினை ஏதோ கம்பெனிக்காரர்கள் பழகிப் பார்க்கக் கொடுத்திருக்கிறார்களாம். ஊரே விரலால் செய்ததைத்தான் மெஷினும் செய்யப்போகிறது. அதற்கு வாயும் நாத்தனார் உறவும் கிடையாது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஸ்கேன் சென்டரில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லோரும் ஒரு பக்கமாக நெருக்கி உட்கார்ந்திருக்க, கடைசி நாற்காலியில் ஓர் அம்மா மட்டும் தனியாக இருந்தார். ஐம்பது வயதிருக்கும். கனகசெட்டிக்குளத்திலிருந்து காலையில் மீன் விற்றுவிட்டு அப்படியே வந்திருந்தார். "மீன் வாடை அடிக்குது, நீ அந்தக் கோடில உக்காரு" என்று ரிசப்ஷனில் இருந்த பெண் சொல்லியிருக்கிறாள். அவள் மேசையிலிருந்த ரூம் ஸ்ப்ரேயைவிட அந்த வாடை எவ்வளவோ தேவலை. நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவருக்கும் கழுத்தில் கட்டி. அவருக்கும் ஊசி போட்டு ஒன்றும் தெரியவில்லை. வேறொரு டாக்டர் அனுப்பியிருந்தார்.

"எனக்கு ஆபரேசன்னா பயமில்ல டீச்சரம்மா" என்றார். "தலைல கூடை தூக்கணும் பாரு. கழுத்த அறுத்துத் தெச்சுட்டா கூடைய எங்க வக்கிறது?"

அந்த மாதத்தில் என் கழுத்தைத் தொடாமல் என்னோடு பேசிய ஒரே ஆள் அவர்தான்.

அவரை முதலில் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஒன்னும் இல்லியாம்! செவப்பா இருக்காம், செவப்புன்னா பஞ்சு மாரியாம். வெட்டவே வாணாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. உனக்கும் ஒன்னும் இருக்காது, போயிட்டு வா" என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். அது நல்ல அழுத்தம்.

உள்ளே போனேன். தோளுக்கடியில் தலையணை வைத்துத் தலையைப் பின்னால் தொங்கவிடச் சொன்னார்கள். ஜாக்கெட்டின் மேல் ஊக்கை அவிழ்த்தாயிற்று. ஜில்லென்று கொழகொழவென்று ஏதோ ஒன்றைக் கழுத்தில் பிதுக்கினார்கள். அது வழிந்து பிடரி வழியாக முதுகுக்குள் இறங்கியது. "எச்சில் முழுங்காதீங்க மேடம், மூச்சப் பிடிங்க" என்றார் ஸ்கேன் டாக்டர். எச்சில் விழுங்காதே என்றால்தான் வாய் நிறைய ஊறும். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேர், அவர்களும் டாக்டர்கள்தானாம், கையில் டீ கிளாசோடு உள்ளே வந்தார்கள். புது மெஷினைப் பார்க்க வந்திருக்கிறார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தொங்கிய தலையோடு, வாய் நிறைய எச்சிலோடு, அவிழ்ந்த ஊக்கோடு கிடந்தேன். தலைக்கு மேலே டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பாத்தீங்களா, கட்டி முழுக்க நீலம்" என்றார் ஸ்கேன் டாக்டர். "நீலம்னா ஹார்டு. சென்னையில ட்ரெய்னிங்குக்குப் போனப்ப இதத்தான் திரும்பத் திரும்பக் காட்டினாங்க. செவப்புன்னா சாஃப்ட், நீலம்னா கல்லு."

"சூப்பர் பிக்சர்!" என்றார் டீ குடித்த ஒருவர்.

என் குரல் போவதற்கான படம் அவருக்கு சூப்பர். எழுந்து உட்கார்ந்ததும் துடைத்துக்கொள்ள ஒரு சொரசொரப்பான காகிதத்தைக் கொடுத்தார்கள். கழுத்தையும் எச்சிலையும் அதிலேயே துடைத்துக்கொண்டேன். ரிப்போர்ட்டில் 'கடினமான கட்டி, அறுவை சிகிச்சை நல்லது' என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கலர் பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டதாம், படத்தை அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

சர்ஜன் தேதி குறித்தார். அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது ஒரு விசேஷம். என் வீட்டுக்காரர் ஆபீசில் லீவு போட்டார். நாத்தனார் பழம், பிஸ்கட், பிரெட் என்று வாங்கி அடுக்கினாள். "எங்க ஊர்ல ஆயிருந்தா ஒரு சல்லிக்காசு செலவில்லாம அரசாங்கமே பண்ணிவிட்டுடும்" என்று நாளுக்கு நாலு தடவை சொன்னாள். அவள் பிறந்தது இங்கே முத்தியால்பேட்டையில். பிரெஞ்சு குடியுரிமைக்காரரைக் கட்டிக்கொண்டதிலிருந்து அவளுக்குப் பாரிஸ்தான் 'எங்க ஊர்'. வந்தவர்கள் எல்லோரும் புதிதாக ஒரு தடவை அமுக்கினார்கள். இப்போது ரிப்போர்ட் சொல்லிவிட்டதல்லவா, எல்லோருடைய விரலுக்கும் அது கல்லாகவே தெரிந்தது. "ஆமா, கல்லுதான்" என்று தலையாட்டினார்கள். போன வாரம் அதே விரல்கள் "மெத்துன்னுதானே இருக்கு" என்றவை. மனுஷர்கள் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது அப்போதுதான்.

ஆபரேஷனுக்கு முன் அந்தக் கலர் படம் வேண்டும் என்று சர்ஜன் கேட்டார். பள்ளிக்கூடம் விட்டு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். அங்கே ஒரே கூட்டம். மெஷின் கம்பெனிக்காரர் அன்றைக்கு நேரில் வந்திருந்தார். மெஷினை இறக்கி வைத்துவிட்டுப் போனவர், எப்படி வேலை செய்கிறது என்று காட்ட அன்றுதான் வந்திருக்கிறார். ஊர் டாக்டர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். கதவு அன்றைக்கும் அகலத் திறந்துதான் கிடந்தது. அங்கே கதவைச் சாத்தும் வழக்கம் யாருக்குமே கிடையாது. நான் வெளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே திரையைப் பார்த்தேன்.

கம்பெனிக்காரர் ஒரு டப்பாவில் கெட்டியான ஜெல்லி வைத்திருந்தார். அதற்குள்ளே ஓர் உருண்டை. எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஜெல்லி கொழகொழ, உருண்டை கெட்டி. பிறகு அதன்மேல் கருவியை வைத்து லேசாக அமுக்கினார். திரையில் சுற்றிலும் நீலம். நடுவில், உருண்டை இருந்த இடத்தில், பளீரென்று சிவப்பு.

எழுந்து நேராக உள்ளே போனேன்.

"சார், உள்ள இருக்கற உருண்டை கெட்டிதானே?"

"ஆமா மேடம்" என்றார் கம்பெனிக்காரர் உற்சாகமாக. என்னையும் ஒரு டாக்டர் என்று நினைத்துவிட்டார் போல.

"அது ஏன் செவப்பாத் தெரியுது?"

"இந்த மெஷின்ல அப்படித்தான் மேடம். செவப்புன்னா ஹார்டு, நீலம்னா சாஃப்ட். வேற கம்பெனி மெஷின்ல தலைகீழா இருக்கும். அதுக்குத்தான் திரை ஓரத்துல கலர் பட்டை போட்டு, எந்தப் பக்கம் எதுன்னு குடுத்திருக்கோம். அதப் பாத்துட்டுத்தான் படிக்கணும்."

நான் ஸ்கேன் டாக்டரைப் பார்த்தேன். அவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையில் அவர் பழகியது அந்த இன்னொரு கம்பெனி மெஷினில். இங்கே வந்து, ஓரத்தில் இருந்த பட்டையைக்கூடப் பார்க்காமல், என் கழுத்தைப் படித்திருக்கிறார்.

"எனக்கு நீலம்னு சொன்னீங்களே டாக்டர்?"

"செட்டிங்ஸ் ஏதோ மாறியிருக்கு மேடம். நீங்க வெளியில உக்காருங்க, வந்து பேசறேன்."

வெளியே வந்து அவர் பேசியது இவ்வளவுதான்: "நல்ல விஷயம்தானே மேடம், உங்களுக்கு சாஃப்ட். வேற ரிப்போர்ட் அடிச்சுத் தர்றேன். பழைய ரிப்போர்ட்ட மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க." ஒரு மன்னிப்பு இல்லை. குரலில் ஒரு சின்னத் தடுமாற்றம்கூட இல்லை. மிட்டாய் மாற்றிக் கொடுக்கிற மாதிரி மாற்றிக் கொடுக்கப் பார்த்தார். பழையதை நான் கொடுக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் பண்ணப்போவதில்லைதான். ஆனாலும் அந்தக் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. எனக்கு நீலம். அந்த மீன்காரம்மாவுக்குச் சிவப்பு.

"டாக்டர், அன்னிக்கு எனக்கு முன்னாடி வந்தாங்களே, கனகசெட்டிக்குளத்தம்மா. அவங்களுக்கு வெட்ட வேணாம்னு எழுதிக் குடுத்தீங்களே?"

அவர் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. பயம்தான். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை, ஏனென்றால் அது அந்த அம்மாவுக்கான பயம் இல்லை. "அத நான் பாத்துக்கறேன் மேடம்" என்றார்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர், "அதான் உனக்கு ஒன்னும் இல்லல்ல, விடேன்" என்றார். நாத்தனாருக்கு வேறு கவலை. வாங்கி வைத்த பிஸ்கட்டையெல்லாம் என்ன செய்வது என்று கேட்டாள். சர்ஜன் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டார். ஆபரேஷனை நிறுத்தினார். இன்னொரு தடவை ஊசி போட்டார். அந்தத் தடவை தெளிவாக 'நல்ல கட்டி' என்று வந்தது. அது இன்றைக்கும் என் கழுத்தில்தான் இருக்கிறது, யாருக்கும் தொட்டுப் பார்க்க அனுமதி இல்லை.

வீட்டில் சொன்னதற்கு மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்கேன் சென்டருக்குப் போய் வரவேற்பில் நின்றேன். மூன்றாம் வகுப்புக்குப் பேசுகிற குரலில், "டாக்டர், அந்த மீன்காரம்மாவுக்குத் தப்பாச் சொன்னதச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன். காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். டாக்டர் ஓடி வந்து, "ஷ்ஷ், சொல்லிடறேன் மேடம்" என்றார். அதற்கு மறுநாளும் போனேன். போன் நம்பர் கிடைக்கவில்லை என்றார். அடுத்த நாளும் போய்க் கத்தினேன். ஒரு குடும்பம் எழுந்து வேறு சென்டருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு நம்பர் கிடைத்துவிட்டது. கனகசெட்டிக்குளத்தில் அந்த அம்மாவின் தெருவில் ஒரு கடைக்குப் போன் போட்டு வரச்சொல்லியிருந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த அம்மா இன்றும் நன்றாக இருக்கிறார். திரும்ப ஊசி போட்டதில் கெட்ட கட்டி என்றுதான் வந்தது. ஆனால் பரவியிருக்கவில்லை. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். கூடை தூக்க முடியாமல் கொஞ்ச காலம் வைத்திக்குப்பத்தில் ஓரிடத்தில் உட்கார்ந்தபடியே விற்றார். இதில் ஸ்கேன் டாக்டருக்கு நன்றி சொல்ல எதுவும் இல்லை.

அந்த அம்மா ஸ்கேன் சென்டருக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். வேண்டுமென்றேதான் போயிருந்தேன். அவர் உள்ளே நுழைந்தபோது எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தலை மொட்டை. மழுமழுவென்று சந்தனம் பூசி, அது காய்ந்து வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் அதே சிரிப்பு. "டீச்சரம்மா! ஒனக்கு என்னா சொன்னாங்க?" என்று பதிலுக்குக்கூடக் காத்திராமல், "நான் மயிலம் போயிட்டு வந்துட்டேன். கத்தி வக்காம வுட்டாரு பாரு முருகன், அதுக்கு முடிய குடுத்துட்டேன். புள்ளைங்க, மருமவ எல்லாம் வேன் வச்சுட்டுப் போனோம்" என்றார்.

ஸ்கேன் டாக்டர் வெளியே வந்தார். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். "ஒனக்குத்தான் மொதல்ல குடுக்கணும்னு எடுத்தாந்தேன் டாக்டரு. நல்ல வாயால நல்ல சேதி சொன்ன மவராசன் நீ" என்று நீட்டினார்.

அவர் வாங்கினார். ஸ்கேன் பசை காயாத கையாலேயே வாங்கி, நெற்றியில் இட்டுக்கொண்டார். கண்ணைக்கூட மூடிக்கொண்டார். பிறகு, "வாம்மா, சும்மா இன்னொரு தடவை பாத்துடலாம், இது ஃப்ரீ, நீ காசு தர வேணாம்" என்றார். இலவசமாம். எனக்கு அந்த இடத்திலேயே வாந்தி வந்துவிடும் போலிருந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ அசிங்கங்களைப் பார்த்திருக்கிறேன். திருநீறு பூசிய அந்த நெற்றியைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை.

"எதுக்கு டாக்டரு, அதான் ஒன்னும் இல்லன்னுட்டியே?" என்றார் அந்த அம்மா.

டாக்டர் என்னைப் பார்த்தார். சொல்லமாட்டார் என்று தெரிந்துவிட்டது. நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். மெஷினில் கலர் மாறிப்போனதை, எனக்குச் சொன்னது அவருக்கும் அவருக்குச் சொன்னது எனக்கும் பொருந்துவதை, திரும்ப ஊசி போட்டே ஆக வேண்டும் என்பதை, ஒன்று விடாமல் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதுபோல நிதானமாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் உடைந்துகொண்டே வந்தது.

அவர் அழவில்லை. கட்டியைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. கை மெதுவாக மொட்டைத் தலைக்குப் போயிற்று. காய்ந்த சந்தனம் மடியில் உதிர்ந்தது. பிறகு டாக்டரை நிமிர்ந்து பார்த்தார்.

"சாமிகிட்ட போயி என்னைப் பொய் சொல்ல வச்சுட்டியே, டாக்டரு."